வெயிலுக்குள் வைட்டமின் டி இல்லை: ரிக்கெட்ஸ் நோயும் ஒரு பெர்லின் மருத்துவரின் விளக்கும்

குழந்தையைக் காலை ஏழு மணி இளவெயிலில் கொஞ்ச நேரம் கிடத்தினால் வைட்டமின் டி கிடைத்துவிடும் என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். அதையே படித்தவர்கள் வாட்ஸ்அப்பில் சுற்றவிடுவார்கள். பாலில் கால்சியம் இருப்பதுபோல வெயிலில் வைட்டமின் டி கலந்திருக்கிறது என்ற எண்ணம்தான் இதற்கு அடிப்படை. வெயிலில் எந்த வைட்டமினும் கிடையாது. வெயிலின் மிகச் சிறிய ஒரு பங்கு தோலில் படும்போது, தோல் தானே அந்தப் பொருளைச் செய்துகொள்கிறது. அந்தச் சிறிய பங்கோ ஏழு மணி வெயிலில் அநேகமாக இருப்பதே இல்லை.

இந்த உண்மைக்கு வழி திறந்தவர் குர்ட் ஹுல்ட்ஷின்ஸ்கி என்ற ஜெர்மானியக் குழந்தை மருத்துவர். 1883இல் அன்றைய ஜெர்மனியின் கிளைவிட்ஸ் நகரில் (இன்று போலந்தில் இருக்கிறது) ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர். பென்சிலின் என்றதும் ஃபிளெமிங் பெயர் நினைவுக்கு வருவதுபோல வைட்டமின் டி என்றதும் இவர் பெயர் வந்திருக்க வேண்டும். ஆனால் பாடப்புத்தகங்களில் இவர் பெயரைப் பார்ப்பதே அரிது. ரிக்கெட்ஸ் என்ற குழந்தைகளின் எலும்பு நோயில் இவர் செய்த சோதனையைப் புரிந்துகொண்டால் மேலே சொன்ன குழப்பங்கள் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

எலும்பு எப்படிக் கெட்டியாகிறது

கட்டடத் தூணுக்கு முதலில் கம்பி கட்டுவார்கள், பிறகு கான்கிரீட் ஊற்றுவார்கள். எலும்பும் இப்படித்தான் இரண்டு கட்டமாக வளர்கிறது. முதலில் கொலாஜன் என்ற புரத இழைகளால் ஒரு மென்மையான சட்டகம் உருவாகும். பிறகு அதன்மேல் கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்த உப்பு படிகமாகப் படியும். இந்தப் படிதலுக்குத் தாதுப்படிவு என்று பெயர். சட்டகம் எலும்புக்கு வளையும் தன்மையைத் தருகிறது, தாதுப்படிவு பாரம் தாங்கும் வலுவைத் தருகிறது.

குழந்தையின் நீண்ட எலும்புகளின் முனைக்கருகில் வளர்தட்டு என்ற குருத்தெலும்புப் பட்டை இருக்கும். நீளம் கூடுவது இங்கேதான். இங்கே புதிய குருத்தெலும்பு ஓயாமல் உருவாகும், பழையது தாதுப்படிவு பெற்று எலும்பாக மாறும். இரண்டும் ஒரே வேகத்தில் நடந்தாக வேண்டும்.

ரிக்கெட்ஸ் என்பது வளரும் குழந்தைக்கு இந்தத் தாதுப்படிவு தடைபடும் நோய். கம்பி மேலும் மேலும் கட்டப்படுகிறது, கான்கிரீட் வந்து சேரவில்லை. எலும்பாக மாற முடியாத குருத்தெலும்பு வளர்தட்டில் குவிவதால் மணிக்கட்டும் கணுக்காலும் தடித்துத் தெரியும். விலா எலும்புகள் மார்பின் முன்பக்கக் குருத்தெலும்போடு சேரும் இடங்களில் மணிமாலை கோத்ததுபோல முண்டுகள் எழும். உச்சிக்குழி மூடத் தாமதமாகும், பல் தாமதமாக முளைக்கும். குழந்தை நிற்கத் தொடங்கியதும் உடல் எடை தாங்காமல் கால் வில்லாக வளையும், அல்லது முழங்கால்கள் ஒன்றோடொன்று தட்டும்.

கைக்குழந்தைகளிடம் எலும்பு வளைவதற்கு முன்பே இரத்தத்தில் கால்சியம் சடாரென்று குறைந்து வலிப்பு வரலாம். இதைக் காய்ச்சல் வலிப்பு என்று தவறாக எடுத்துக்கொள்ளும் ஆபத்து உண்டு. காய்ச்சல் இல்லாமல் வலிப்பு வந்த கைக்குழந்தைக்கு இரத்தக் கால்சியத்தைப் பார்த்தே ஆக வேண்டும்.

இதுவரை பார்த்தது: ரிக்கெட்ஸில் எலும்பு தேய்வதில்லை. வளரும் எலும்பு கெட்டிப்படாமல் நின்றுவிடுகிறது. அதனால்தான் இது குழந்தைகளின் நோய்.

1918, பெர்லின்

முதல் உலகப் போர் முடிந்த குளிர்காலம். ஜெர்மனியில் உணவுத் தட்டுப்பாடு. வட ஐரோப்பியத் தொழில் நகரங்களில் ரிக்கெட்ஸ் ஏற்கெனவே மிகப் பரவலாக இருந்தது. போர்ப் பஞ்சம் அதை இன்னும் மோசமாக்கியது. காரணம் என்ன என்பதில் மருத்துவர்களுக்குள் ஒற்றுமை இல்லை. பரம்பரை என்றார்கள், தொற்று என்றார்கள், அடைசலான வீட்டின் கெட்ட காற்று என்றார்கள், உணவு என்றார்கள்.

வெயிலைச் சுட்டிக்காட்டியவர்களும் இருந்தார்கள். போலந்து மருத்துவர் யென்ட்ஷெய் ஷ்னியாதெட்ஸ்கி 1822இலேயே வெயிலை மருந்தாகப் பரிந்துரைத்தார். ஆங்கில மருத்துவர் தியோபால்ட் பாம் 1890இல் பல நாடுகளிலிருந்து தகவல் திரட்டி, வெயில் மிகுந்த இடங்களில் இந்த நோய் அரிது என்று எழுதினார். இரண்டுமே நல்ல அவதானிப்புகள்தான். ஆனால் வெயில் உள்ள இடத்தில் காற்றும் உணவும் வாழ்க்கை முறையும் சேர்ந்தே மாறுகின்றன. எது காரணம் என்று பிரித்துக் காட்ட யாராலும் முடியவில்லை.

ஹுல்ட்ஷின்ஸ்கி அப்போது பெர்லினில், உடல் ஊனமுற்ற குழந்தைகளுக்கான ஆஸ்கர்-ஹெலேனே-ஹைம் என்ற மருத்துவ இல்லத்தில் வேலை பார்த்தார். கடுமையான ரிக்கெட்ஸ் இருந்த நான்கு குழந்தைகளை அந்தக் குளிர்காலத்தில் அவர் பாதரச ஆவி விளக்கின் ஒளியில் வைத்தார்.

அந்த விளக்கைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் விடை அதன் குழாயிலேயே இருக்கிறது. பாதரச ஆவியில் மின்சாரம் பாயும்போது கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிர் நிறைய வெளிவரும். புற ஊதாக் கதிர் என்பது ஊதா நிற ஒளியைவிட அலைநீளம் குறைந்த கதிர். சாதாரணக் கண்ணாடியில் குழாய் செய்தால் அந்தக் கதிரில் பெரும்பகுதியைக் கண்ணாடியே விழுங்கிவிடும். எனவே குழாய் குவார்ட்ஸ் கல்லை உருக்கிச் செய்யப்பட்டது. குவார்ட்ஸ் புற ஊதாவை அப்படியே வெளியே விடும். ஜெர்மனியின் ஹனாவு நகரில் தயாரான இந்த விளக்குகளுக்குச் ‘செயற்கை மலைவெயில்’ என்று பெயர் வைத்து விற்றார்கள். இவை வலுவானவை. நேரம் கூடினால் தோல் வெந்துபோகும், கண்ணுக்குக் காப்பு இல்லாவிட்டால் விழியின் மேல்படலம் புண்ணாகும்.

முன்னேற்றத்தை அவர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார். முன்னங்கை எலும்புகளின் மணிக்கட்டு முனை இதற்கு வசதியான இடம். அங்கே வளர்ச்சி வேகம் அதிகம், படமும் எளிதில் எடுக்கலாம். ரிக்கெட்ஸ் உள்ள எலும்பின் முனை கிழிந்த துணி ஓரம்போலப் பிசிறடித்து, கிண்ணமாகக் குழிந்து தெரியும். குணமாகத் தொடங்கினால் அந்த முனையில் ஒரு வெண்மையான கோடு விழும். அதுதான் புதிதாகப் படியும் கால்சியம். சிகிச்சை தொடர்ந்தபோது அந்தக் கோடு நான்கு குழந்தைகளிடமும் தெரிந்தது. 1919இல் ஜெர்மன் மருத்துவ வார இதழ் ஒன்றில் அவர் முடிவை வெளியிட்டார்.

காற்று மாறவில்லை. குழந்தைகள் இருந்தது அதே நகரம், அதே குளிர்காலம். மாறியது ஒளி மட்டுமே.

ஒரு கையில் ஒளி, இரண்டு கையிலும் குணம்

இதோடு நின்றிருந்தாலே பெரிய சாதனை. என்னைப் பொறுத்தவரை இதற்கடுத்து அவர் செய்ததுதான் அவருடைய பெயரை நிலைக்கச் செய்ய வேண்டிய வேலை.

ஒளி நேராக எலும்புக்குள் இறங்கிக் கால்சியத்தைப் படியவைக்கிறதா? அப்படியானால் ஒளி பட்ட எலும்பு மட்டும்தான் குணமாக வேண்டும். ஹுல்ட்ஷின்ஸ்கி ஒரு கைக்கு மட்டும் விளக்கொளியைக் காட்டி, பிறகு இரண்டு கைகளையும் எக்ஸ்ரே எடுத்தார். இரண்டிலும் ஒன்றுபோலக் கால்சியம் படிந்திருந்தது.

இதற்கு ஒரே பொருள்தான் இருக்க முடியும். ஒளி பட்ட தோலில் ஏதோ ஒன்று உருவாகி, இரத்தத்தில் கலந்து, உடம்பு முழுக்கச் சென்று வேலை செய்கிறது. அந்தப் பொருளுக்கு அப்போது பெயர்கூட இல்லை. உடம்பின் ஓரிடத்தில் உருவாகி இரத்தம் வழியாக வேறோர் இடத்தில் வேலை செய்யும் பொருளை ஹார்மோன் என்கிறோம். வைட்டமின் டி அந்த வகையைச் சேர்ந்தது என்ற இன்றைய புரிதலின் விதை அந்த இரண்டு எக்ஸ்ரே படங்களில் இருக்கிறது.

மீன் எண்ணெய் எங்கிருந்து வந்தது

அதே 1919இல் இங்கிலாந்தின் எட்வர்ட் மெல்லன்பி, நாய்க்குட்டிகளுக்கு உணவின் மூலம் ரிக்கெட்ஸ் வரவைத்து, காட் மீன் ஈரல் எண்ணெய் கொடுத்துத் தடுக்கலாம் என்று காட்டினார். பெர்லினில் ஒளி என்கிறார்கள், லண்டனில் உணவு என்கிறார்கள். ஒருவர் தவறாக இருக்க வேண்டும் என்றுதான் யாருக்கும் தோன்றும்.

இருவருமே சரி. வியன்னாவின் குழந்தைகள் மருத்துவமனையில் ஹாரியட் சிக் தலைமையிலான குழு, ஈரல் எண்ணெயும் குணப்படுத்துகிறது, ஒளியும் குணப்படுத்துகிறது என்று குழந்தைகளிடமே நிறுவியது. அமெரிக்க உயிர்வேதியியலாளர் மெக்காலம், ஈரல் எண்ணெயைச் சூடாக்கி அதில் காற்றைச் செலுத்தி, அதில் இருப்பதாக ஏற்கெனவே தெரிந்திருந்த வைட்டமின் ஏவை அழித்தார். எண்ணெய் அதன் பிறகும் ரிக்கெட்ஸைக் குணப்படுத்தியது. எனவே உள்ளே இருப்பது வேறொரு பொருள் என்று 1922இல் அறிவித்தார். ஏ, பி, சி ஆகிவிட்டதால் இதற்கு டி என்று பெயர் வந்தது. 1924இல் அமெரிக்க ஆய்வாளர்கள் ஹெஸ், ஸ்டீன்பாக் இருவரும் தனித்தனியே உணவின்மீதே புற ஊதாவைப் பாய்ச்சினார்கள். ரிக்கெட்ஸைத் தடுக்காத உணவு, கதிர் பட்டபின் தடுத்தது. ஒளியும் எண்ணெயும் ஒரே வேலையைச் செய்வதன் மர்மம் அங்கே விலகியது. எண்ணெயில் தயாராக இருக்கும் பொருளைத்தான் ஒளி புதிதாக உண்டாக்குகிறது. ஜெர்மனியின் கோட்டிங்கன் நகர வேதியியலாளர் அடால்ஃப் வின்டவுஸ் இந்தப் பொருள்களின் வேதியியலை ஆராய்ந்ததற்காக 1928இல் நோபல் பரிசு பெற்றார்.

தோலிலிருந்து எலும்பு வரை

இப்போது உள்ளே நடப்பதை வரிசையாகப் பார்த்துவிடலாம்.

தோலின் மேல்பகுதியில் 7-டீஹைட்ரோகொலஸ்ட்ரால் என்ற கொழுப்புப் பொருள் இருக்கிறது. 290 முதல் 315 நானோமீட்டர் வரை அலைநீளமுள்ள புற ஊதா பி கதிர் பட்டால் இந்த மூலக்கூறில் ஒரு வளையம் திறந்து, வைட்டமினுக்கு முந்தைய நிலையை அடையும். பிறகு உடல் சூட்டிலேயே மெல்ல உருமாறி வைட்டமின் டி3 ஆகும். இந்த டி3 இன்னும் வேலைக்கு ஆகாது. ஈரல் அதில் ஒரு மாற்றம் செய்து சேமிப்பு வடிவமாக்கும். ஆய்வகத்தில் ‘வைட்டமின் டி பரிசோதனை’ என்று அளப்பது இந்தச் சேமிப்பு வடிவத்தைத்தான். கடைசியாகச் சிறுநீரகம் இன்னொரு மாற்றம் செய்யும். வேலை செய்யும் வடிவம் அங்கேதான் பிறக்கிறது.

அது செய்யும் முக்கிய வேலை குடலில். வைட்டமின் டி இல்லாதபோது உணவில் உள்ள கால்சியத்தில் 10 முதல் 15 சதவீதம்தான் உடம்பில் சேரும். போதுமான அளவு இருந்தால் அது 30 முதல் 40 சதவீதமாக உயரும். கான்கிரீட் லாரிக்குக் கேட்டைத் திறந்துவிடுவது போன்ற வேலை இது.

பற்றாக்குறை வந்தால் பாராதைராய்டு சுரப்பிகள் விழித்துக்கொள்ளும். கழுத்தில் இருக்கும் இந்தச் சின்னஞ்சிறு சுரப்பிகளுக்கு இரத்தக் கால்சியத்தைக் காப்பதே கடமை. அவை எலும்பிலிருந்து கால்சியத்தை எடுத்து இரத்தத்துக்குக் கொடுக்கும். கூடவே சிறுநீர் வழியாகப் பாஸ்பேட்டை இழக்கவும் வைக்கும். பாஸ்பேட் குறைந்தால் எலும்பில் உப்பு படியாது. இதனால் நடைமுறையில் ஒரு பொறி இருக்கிறது: ரிக்கெட்ஸ் உள்ள குழந்தையின் இரத்தக் கால்சியம் சரியான அளவிலேயே இருக்கலாம். ‘கால்சியம் நார்மல், ஒன்றுமில்லை’ என்று அந்த ஒரு முடிவை மட்டும் வைத்து நிம்மதி அடையக் கூடாது. அல்கலைன் பாஸ்படேஸ் (இரத்தத்தில் அளக்கும் ஒரு நொதி) உயர்வு, பாஸ்பேட் குறைவு, மணிக்கட்டு எக்ஸ்ரே ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்துத்தான் மருத்துவர் முடிவு செய்வார்.

சுருக்கமாக: தோல் மூலப்பொருளைத் தருகிறது, ஈரலும் சிறுநீரகமும் அதைப் பக்குவப்படுத்துகின்றன, குடல் கால்சியத்தை உள்ளே விடுகிறது, எலும்பு கெட்டிப்படுகிறது.

பெர்லினின் டிசம்பர் நண்பகலும் சென்னையின் ஏழு மணியும்

வளிமண்டலத்தில் உள்ள ஓசோன் புற ஊதா பி கதிரை விழுங்கும். சூரியன் தாழ்ந்திருந்தால் கதிர் சாய்வாக வந்து நீண்ட தூரம் காற்றைக் கடக்க வேண்டும், பெரும்பகுதி வழியிலேயே போய்விடும். பெர்லின் 52.5 பாகை வடக்கில் இருக்கிறது. டிசம்பர் கடைசியில் அங்கே நண்பகல் சூரியன் அடிவானத்திலிருந்து 14 பாகைதான் உயரும். அந்தக் கோணத்தில் கதிர் கடக்கும் காற்று, தலைக்கு நேரே இருப்பதைவிட நான்கு மடங்கு. குழந்தையை நாள் முழுக்க வெளியே வைத்தாலும் தோலில் வைட்டமின் டி உருவாகாத நிலை அங்கே அக்டோபர் முதல் மார்ச் வரை ஏறக்குறைய நீடிக்கிறது. ஹுல்ட்ஷின்ஸ்கிக்கு விளக்கு தேவைப்பட்டது இதனால்தான்.

இனி சென்னைக் கணக்கு. சூரியன் உதித்து ஒரு மணி நேரத்தில் இங்கே அது நிற்கும் உயரம் ஏறத்தாழ அதே 14 பாகை. நாம் குழந்தையைக் கிடத்தும் ஏழு மணி வெயில், புற ஊதா பி கணக்கில், ரிக்கெட்ஸ் பரவிக் கிடந்த பெர்லினின் நடுக்குளிர்கால வெயில். குழந்தைக்கு அது இதமாக இருக்கும், கெடுதல் இல்லை. வைட்டமின் டிக்கு அதை நம்ப முடியாது.

எந்த நேரம் பலன் தரும் என்று கண்டுபிடிக்கக் கருவி வேண்டாம், நிழல் போதும். நிழல் ஆளைவிடக் குட்டையாக இருந்தால் சூரியன் 45 பாகைக்கு மேல் நிற்கிறது, புற ஊதா பி கிடைக்கும். சென்னையில் டிசம்பரில்கூட நண்பகல் சூரியன் 53 பாகைக்கு எழுவதால் வருடம் முழுவதும் அந்த நேரம் உண்டு. அப்படியும் நம் ஊரில் பற்றாக்குறை ஏன்? அந்த நேரத்தில் பிள்ளைகள் வகுப்பறையிலோ வீட்டுக்குள்ளோ இருக்கிறார்கள். வெளியே வந்தாலும் உடை மூடியிருக்கிறது. கறுத்த தோலின் மெலனின் நிறமி அந்தக் கதிரைத் தடுப்பதால் வெளுத்த தோலைவிடச் சில மடங்கு அதிக நேரம் வேண்டும். புகைமூட்டமும் கதிரைக் குறைக்கிறது.

இதைப் படித்துவிட்டு யாரும் கைக்குழந்தையை உச்சி வெயிலில் கிடத்திவிடக் கூடாது. ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தையின் தோல் சீக்கிரம் வெந்துவிடும், உடலில் நீரும் வற்றும். அந்த வயதுக்கு வழி வைட்டமின் டி சொட்டு மருந்து.

மூடிய கண்ணாடி ஜன்னலுக்குள் விழும் வெயில் எந்த நேரத்திலும் வைட்டமின் டிக்கு உதவாது. குவார்ட்ஸ் குழாய் தேவைப்பட்ட அதே காரணம்தான்: கண்ணாடி புற ஊதா பியை நிறுத்திவிடும். பிறந்த குழந்தையின் மஞ்சள் காமாலைக்கு மருத்துவமனையில் வைக்கும் ஒளியை இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. அது கண்ணுக்குத் தெரியும் நீல ஒளி, பிலிருபின் என்ற மஞ்சள் நிறமியை மாற்றி வெளியேற்றுவது அதன் வேலை. அந்த ஒளியால் வைட்டமின் டி உருவாகாது. காமாலை அதிகமாக இருக்கும்போது வீட்டு வெயிலை நம்பிக் காத்திருப்பதும் ஆபத்து.

வெயிலால் மட்டும் குணமாகாத ரிக்கெட்ஸ்

கேட்டைத் திறந்தாலும் லாரியில் கான்கிரீட் இல்லையென்றால் தூண் நிற்காது. உணவில் கால்சியமே மிகக் குறைவாக இருந்தால், வெயில் நிறைந்த நாட்டிலும் ரிக்கெட்ஸ் வரும். நைஜீரியாவிலும் இந்தியாவிலும் இது பதிவாகியிருக்கிறது. எனவே 2016இல் வெளியான உலகளாவிய மருத்துவ இணக்க அறிக்கை, சிகிச்சையில் வைட்டமின் டியோடு நாளுக்கு 500 மில்லிகிராம் கால்சியமும் சேர வேண்டும் என்கிறது. இன்னொரு வகை, பரம்பரையாகச் சிறுநீரில் பாஸ்பேட்டை இழக்கும் ரிக்கெட்ஸ். சிறுநீரக நோயாலும் வரலாம். வழக்கமான மருந்தை மூன்று மாதம் ஒழுங்காகக் கொடுத்தும் எக்ஸ்ரேயில் மாற்றம் இல்லையென்றால் இவற்றைத் தேட வேண்டும். அளவைக் கூட்டிக்கொண்டே போவது தீர்வாகாது.

சொட்டு மருந்தில் நேரும் பிழைகள்

தாய்ப்பாலில் வைட்டமின் டி ஒரு லிட்டருக்குப் பொதுவாக 80 ஐ.யு.வுக்கும் குறைவு. (ஐ.யு. என்பது சர்வதேச அலகு, 40 ஐ.யு. ஒரு மைக்ரோகிராம்.) முதல் வயதில் குழந்தைக்கு நாளுக்கு வேண்டியது 400 ஐ.யு. தாய்ப்பாலின் மற்ற எல்லாச் சிறப்பும் உண்மை. இந்த ஒரு சத்தை மட்டும் வெளியிலிருந்து கொடுக்க வேண்டும்.

பிழை நேர்வது அளவில். ஒரு மில்லிலிட்டரில் 400 ஐ.யு. உள்ள மருந்தும் உண்டு, 800 உள்ளதும் உண்டு. ஒரே சொட்டில் 400 ஐ.யு. உள்ள செறிவான மருந்தும் உண்டு. கடையில் வேறு கம்பெனி மருந்து மாற்றித் தரும்போது பழைய அளவையே கொடுத்தால் ஒரு நாளின் மருந்து பல நாளின் மருந்தாகிவிடும். வாங்கியதும் பெட்டியில் ‘ஒரு மி.லி.க்கு’ என்றிருக்கிறதா, ‘ஒரு சொட்டுக்கு’ என்றிருக்கிறதா என்று படியுங்கள். கூடவே வரும் டிராப்பரை மட்டும் பயன்படுத்துங்கள். பெரியவர்களுக்கான 60,000 ஐ.யு. பாக்கெட் ஒன்று, கைக்குழந்தையின் 150 நாள் அளவு. அதை எடுத்துப் பகிர்ந்து கொடுப்பது விபரீதம்.

வெயிலில் இந்த ஆபத்து இல்லை. தோலில் அளவு மீறினால் அதே ஒளி மிச்சத்தை வேலை செய்யாத பொருள்களாக மாற்றிவிடும். வாயால் கொடுக்கும் மருந்துக்கு அப்படி ஒரு தடுப்பு கிடையாது. கிழக்கு ஜெர்மனியில் ரிக்கெட்ஸைத் தடுக்கக் குழந்தைகளுக்குச் சில மாதங்களுக்கு ஒருமுறை 6,00,000 ஐ.யு. மொத்தமாகக் கொடுத்தார்கள். அவர்களில் பலருக்கு இரத்தக் கால்சியம் அளவு மீறி ஏறியது பின்னர் ஆய்வில் தெரிந்தது. ஹுல்ட்ஷின்ஸ்கி அதையெல்லாம் பார்க்கவில்லை. நாஜி ஆட்சியில் நாட்டை விட்டு வெளியேறி எகிப்துக்குச் சென்றவர், 1940இல் அலெக்சாந்திரியாவில் காலமானார்.

மருந்து மிகுந்துபோனதன் அடையாளங்கள்: பசியின்மை, வாந்தி, மலச்சிக்கல், அடங்காத தாகம், அடிக்கடி சிறுநீர், எடை ஏறாமை, சோர்வு. இவற்றில் சில சேர்ந்து தெரிந்தால் மருந்தை அன்றே நிறுத்திவிட்டு, பாட்டிலையும் டிராப்பரையும் கையோடு எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். எத்தனை நாள், எவ்வளவு கொடுத்தோம் என்று அவற்றைப் பார்த்துத்தான் கணக்கிட முடியும்.